டைமிங் கோளாறுக்கான டிரைவர் பேட்ச்சை ரிவ்யூ செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே ஒரு வரி மாற்றம். 1 மில்லிசெகண்ட் காத்திருந்த இடத்தில் இனி 10 மில்லிசெகண்ட். கூடவே ஒரு குறிப்பு: "சில போர்டுகளில் சாதனம் சில சமயம் எழவில்லை, இப்போது சரியாகிவிட்டது." டைமிங் கோளாறுக்கான பேட்ச்கள் (கோடில் செய்யும் திருத்தங்கள்) பல இந்த வடிவத்தில்தான் வந்து சேர்கின்றன. பார்த்தவுடன் ஒப்புதல் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் ஹார்டுவேரை இயக்கும் டிரைவர் கோடில் இதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டிய மாற்றங்கள் குறைவு. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் பெரும்பாலான டைமிங் கோளாறுகள் மறைந்துகொள்ளும். மறைந்த கோளாறு வேறொரு போர்டில், வேறொரு கம்பைலரில், வேகமான பிராசஸரில் மறுபடி தலைதூக்கும். அப்போது அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது முதல் தடவையைவிடக் கடினம்.

அதனால் ரிவ்யூ முழுவதும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஹார்டுவேரில் எந்த நிகழ்வு நடப்பதற்காக இந்த கோட் காத்திருக்கிறது? அந்த நிகழ்வுக்குப் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் பேட்ச் இன்னும் முடியவில்லை. கீழே உள்ளவை லினக்ஸ் கெர்னலை மனதில் வைத்து எழுதியவை. வேறு சிஸ்டத்தில் டிரைவர் எழுதுபவர்களுக்கும் ஃபங்ஷன் பெயர்கள்தான் மாறும்.

படி 1: கோட் ஃபைலைத் திறப்பதற்கு முன் குறிப்பைப் படியுங்கள்

நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "ரீசெட் விட்ட பிறகு உள்ளே இருக்கும் பிஎல்எல் லாக் ஆக 5 மில்லிசெகண்ட் வரை ஆகலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. நாம் 1 மில்லிசெகண்டிலேயே ரெஜிஸ்டரைத் தொடுகிறோம். அதனால் குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது ஐடி ரெஜிஸ்டர் தவறாக வருகிறது." (டேட்டாஷீட் என்பது சிப்பின் விவரக் கையேடு; பிஎல்எல் என்பது சிப்பின் கிளாக்கை உருவாக்கும் சுற்று; ரெஜிஸ்டர் என்பது டிரைவர் சாதனத்தோடு பேசும் சிறு நினைவிடம்.) காரணம், சான்று, அறிகுறி எல்லாம் இதில் இருக்கிறது. "டிலே கூட்டினேன், பிரச்சினை போய்விட்டது" என்பதில் அறிகுறி மட்டுமே இருக்கிறது.

வெறும் அறிகுறியோடு வந்த பேட்ச்சை உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். கோளாறு எந்த வகை என்று பிரித்தறிய உதவும் கேள்விகளை எழுதியவரிடம் கேளுங்கள். போர்டுக்குப் போர்டு மாறுகிறதா, வெப்பநிலைக்கோ மின்னழுத்தத்துக்கோ ஏற்ப மாறுகிறதா? அப்படியானால் சாதனம் தயாராகும் முன்பே நாம் அதைத் தொடுகிறோம் என்று சந்தேகிக்கலாம். ஒரே போர்டில் சிபியு லோடு ஏறும்போது மட்டும் வருகிறதா, ஒரே ஒரு சிபியு கோரை வைத்து ஓட்டினால் நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் மென்பொருளுக்குள் நடக்கும் ரேஸ் (இரண்டு வேலைகள் வரிசை மாறி மோதுவது). ஹார்டுவேர் மேல் பழி போடக் கூடாது. ரெஜிஸ்டரைப் படித்துக் காட்டும் டீபக் பிரிண்ட் ஒன்றைச் சேர்த்ததும் மாயமாகிவிட்டதா? அப்படியானால் எழுதிய மதிப்பு சாதனத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்ற சந்தேகம் வலுக்கிறது; அந்தப் படிப்புதான் அதைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

இந்த மூன்று வகைக்கும் டிலே கூட்டினால் அறிகுறி மறையும். முதல் வகைக்கு மட்டும்தான் அது மருந்து.

படி 2: டேட்டாஷீட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள்

பேட்ச்சில் உள்ள எண் எங்கிருந்து வந்தது? டேட்டாஷீட்டின் டைமிங் அட்டவணையில் குறைந்தபட்சம், வழக்கமானது, அதிகபட்சம் என்று மூன்று பத்தி இருக்கும். வழக்கமான மதிப்பை எடுத்து கோடில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது சராசரிச் சிப்புக்கான எண். நமக்கு வேண்டியது மோசமான சிப்புக்கான எண். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளையும் விடாமல் படியுங்கள்.

பழைய எச்டி44780 எழுத்துத் திரை கன்ட்ரோலரையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கட்டளைகளுக்கு 37 மைக்ரோசெகண்ட் என்று அட்டவணை சொல்கிறது. அந்த எண்ணை அப்படியே வைத்த கோட் எத்தனையோ உண்டு. ஆனால் அது ஆசிலேட்டர் 270 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது மட்டும் பொருந்தும் எண். 250 கிலோஹெர்ட்ஸ் என்றால் 40 மைக்ரோசெகண்ட் ஆகும் என்று அதே டேட்டாஷீட் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அனுமதிக்கப்பட்ட எல்லையின் அடிமட்டமான 190 கிலோஹெர்ட்ஸுக்கு அதே கணக்கைப் போட்டால் 52 மைக்ரோசெகண்டைத் தாண்டிவிடும். 40 வைத்த டிரைவர் ஒரு திரையில் சரியாக ஓடி, இன்னொன்றில் எழுத்தை விழுங்குவது இதனால்தான்.

சிலவற்றில் குறைந்தபட்சம் மட்டுமல்ல, அதிகபட்சமும் முக்கியம். ஒரே கம்பியில் தரவு போகும் ஒன்-வயர் பஸ்ஸில் ரீசெட் பல்ஸ் குறைந்தது 480 மைக்ரோசெகண்ட் இருக்க வேண்டும். அது கொஞ்சம் நீண்டால் பெரிய கேடில்லை. ஆனால் ஒரு பிட்டைப் படிக்கும்போது லைனைத் தாழ்த்திய பிறகு 15 மைக்ரோசெகண்டுக்குள் மாதிரி எடுத்தாக வேண்டும். நடுவில் ஓர் இன்டரப்ட் (சிபியுவை வேறு வேலைக்கு இழுக்கும் சிக்னல்) புகுந்தால் பிட் தவறும். இப்படிப்பட்ட இடத்தில் டிலேயை மாற்றும் பேட்ச் வந்தால், அந்தப் பகுதியில் இன்டரப்ட் அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. எண் அதற்கு அடுத்துதான்.

எர்ராட்டா ஆவணத்தையும் பாருங்கள். டேட்டாஷீட் ஒன்று சொல்ல, சிப்பின் குறிப்பிட்ட ரிவிஷன் வேறொன்று செய்வதை உற்பத்தியாளர் அங்கேதான் ஒப்புக்கொண்டிருப்பார். அப்படியானால் கூடுதல் காத்திருப்பு எல்லாச் சிப்புக்கும் வேண்டுமா, அந்த ரிவிஷனுக்கு மட்டும் போதுமா என்று பேட்ச் சொல்ல வேண்டும்.

படி 3: கடிகாரம் எந்தக் கணத்தில் ஓடத் தொடங்குகிறது?

எண் சரியாக இருந்தும் எண்ணத் தொடங்கும் இடம் தவறாக இருக்கலாம். ரிவ்யூவில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான் என்பது என் கருத்து.

ரீசெட் ரெஜிஸ்டரில் ரைட்எல் (writel) மூலம் எழுதுகிறோம். உடனே யூடிலே (udelay) கொண்டு 10 மைக்ரோசெகண்ட் காத்திருக்கிறோம். பிறகு அடுத்த எழுத்து (ரெஜிஸ்டரில் எழுதும் செயல்). கோடில் பார்க்க இரண்டு எழுத்துக்கும் நடுவே 10 மைக்ரோசெகண்ட் இருக்கிறது. சாதனத்தின் பக்கம் நின்று பார்த்தால் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிசிஐ போன்ற பஸ்களில் சிபியு எழுதுவது தபால் பெட்டியில் கடிதம் போடுவது போல: போட்டவர் போய்க்கொண்டே இருப்பார், கடிதம் எப்போது போய்ச் சேரும் என்பது வழியைப் பொறுத்தது. முதல் எழுத்து எங்கோ பஃபரில் தங்கி, இரண்டாவதோடு சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சாதனத்தில் போய் விழலாம். நாம் காத்திருந்த 10 மைக்ரோசெகண்ட் சாதனத்துக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு மருந்து: எழுதியதும் அதே சாதனத்தின் ரெஜிஸ்டர் ஒன்றை ரீட்எல் (readl) மூலம் திரும்பப் படிப்பது, அதற்குப் பிறகு யூடிலே. அந்தப் படிப்பு முடிந்த பிறகுதான் டிலே தொடங்கும் என்று கெர்னலின் மெமரி பேரியர் ஆவணம் உறுதி தருகிறது. ரீட்எல் ரிலாக்ஸ்டு (readl_relaxed) வகையைப் பயன்படுத்தினால் அந்த உறுதி கிடையாது. பேட்ச்சில் அது இருந்தால் கேட்டே தீர வேண்டும். திரும்பப் படிக்கும் ரெஜிஸ்டர், படித்தாலே நிலை மாறும் வகையாக இருக்கக் கூடாது என்பதையும் சரிபாருங்கள். படித்ததும் அழியும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை இதற்காகப் படித்து இன்டரப்ட்டைத் தொலைத்தால் ஒரு கோளாறு போய் இன்னொன்று வந்த கதையாகிவிடும்.

தொடக்கக் கணம் விதிமுறையிலேயே மாறுவதும் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸில் ரீசெட்டுக்குப் பிறகு முதல் கான்ஃபிகரேஷன் கோரிக்கைக்கு முன் குறைந்தது 100 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். எதிலிருந்து 100? போர்ட்டின் வேகம் 5 ஜிடி/நொடிக்கு (நொடிக்கு 5 கிகா பரிமாற்றம்) மேல் போகாது என்றால் ரீசெட் முடிந்த கணத்திலிருந்து. அதைவிட வேகமான போர்ட் என்றால் லிங்க் டிரெயினிங் (இரு முனைகளும் இணைப்பை ஒத்திசைக்கும் கட்டம்) முடிந்த கணத்திலிருந்து. எண் ஒன்றே, தொடக்கம் வேறு. "100 மில்லிசெகண்ட் காத்திருக்கிறோமே, பிறகு ஏன் தவறுகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கலாம்.

படி 4: காத்திருக்கும் முறை அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா?

இது விரைவாக முடியும் படி. ஸ்பின்லாக் (சுழன்றபடி காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதோ இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ தூங்கக் கூடாது, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அங்கே யூடிலே மட்டும்தான், அதுவும் சில மைக்ரோசெகண்டுக்கு. தூங்கக்கூடிய இடத்தில் ஏறக்குறைய 10 மைக்ரோசெகண்டிலிருந்து 20 மில்லிசெகண்ட் வரை யூஸ்லீப் ரேஞ்ச் (usleep_range), அதற்கு மேல் எம்ஸ்லீப் (msleep) என்பது நீண்டகால வழக்கம். எதைத் தேர்வது என்று குழம்பினால் எஃப்ஸ்லீப் (fsleep) அதைத் தானே பார்த்துக்கொள்ளும். பேட்ச்சில் உள்ள ஃபங்ஷனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதை அழைப்பவர், அவரையும் அழைப்பவர் என்று மேலே போய் எந்த லாக் பிடிபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

எம்ஸ்லீப் 1 என்று எழுதியிருப்பது உண்மையில் 1 மில்லிசெகண்டில் முடியும் என்று எண்ண வேண்டாம். டைமர் டிக் நொடிக்கு 100 ஆக வைத்த கெர்னலில் அது 20 மில்லிசெகண்ட் வரை போகலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: "எம்ஸ்லீப் 1 நன்றாக வேலை செய்தது, யூஸ்லீப் ரேஞ்சுக்கு மாற்றியதும் உடைந்தது" என்றால் பழைய கோட் தெரியாமலே தேவையான நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். மாற்றம் குற்றவாளி இல்லை. எண் ஆரம்பத்திலிருந்தே தவறு.

படி 5: போலிங் லூப்பை வரி வரியாகப் படியுங்கள்

நிலையான டிலேயை எடுத்துவிட்டு, தயார் பிட் வரும்வரை திரும்பத் திரும்பப் படிக்கும் லூப்பாக மாற்றுவது பெரும்பாலும் நல்ல திருத்தம். நிகழ்வுக்குப் பெயர் கிடைத்துவிட்டது அல்லவா? 24சி வகை ஈஇப்ராம்கள் (மின்சாரம் போனாலும் தரவு அழியாத சிறு நினைவகச் சிப்கள்) நல்ல உதாரணம். ஒரு பக்கத்தை எழுதியதும் உள்ளே பதிவாகப் பொதுவாக 5 மில்லிசெகண்ட் வரை ஆகும். அதுவரை சிப் தன் முகவரிக்கு அக்னாலெட்ஜ் கொடுக்காது. கெர்னலின் ஏடி24 டிரைவர் அதையே அடையாளமாக வைத்து, பதில் வரும்வரை மறுபடி முயல்கிறது. வெளிவரம்பு இயல்பாக 25 மில்லிசெகண்ட். வேகமான சிப்புக்கு வீண் காத்திருப்பு இல்லை, மெதுவான சிப்புக்குப் போதிய இடமும் இருக்கிறது.

ஆனால் லூப்பைக் கையால் எழுதியிருந்தால் சந்தேகத்தோடு படியுங்கள். இப்படி ஓடும் லூப்பை எண்ணிப் பாருங்கள்: ரெஜிஸ்டரைப் படி; தயார் இல்லை; தூங்கு; நேரம் கடந்துவிட்டதா பார்; கடந்திருந்தால் பிழையோடு வெளியேறு. தூங்கப்போன திரெட் லோடு மிகுந்த சிஸ்டத்தில் 50 மில்லிசெகண்ட் கழித்து எழுந்தால் என்ன ஆகும்? சாதனம் எப்போதோ தயாராகிவிட்டது. ஆனால் லூப் முதலில் கடிகாரத்தைப் பார்த்து, சாதனத்தைப் பார்க்காமலே "டைம்அவுட்" என்று சொல்லிவிடும். நேரம் முடிந்த பிறகு கடைசியாக ஒருமுறை நிபந்தனையைச் சரிபார்த்தே ஆக வேண்டும். ரீட்எல் போல் டைம்அவுட் (readl_poll_timeout) போன்ற தயார் மேக்ரோக்கள் இதைச் செய்கின்றன. அவற்றைப் பயன்படுத்தச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்று. பிசிஐ சாதனம் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டால் அதன் ரெஜிஸ்டரைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 ஆக வரும். "தயார் பிட் 1 ஆகும்வரை காத்திரு" என்று எழுதிய லூப், செத்த சாதனத்தைப் பார்த்து "தயார்" என்று மகிழ்ந்து மேலே போகும். அந்தச் சோதனை கோடில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிஃப்பீஸை (jiffies, கெர்னலின் டைமர் டிக் எண்ணிக்கை) நேரடியாக ஒப்பிடும் வரி கண்ணில் பட்டால் டைம் ஆஃப்டர் (time_after) மேக்ரோவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பூட் ஆகி 5 நிமிடத்தில் 32 பிட் எண் நிரம்பிச் சுற்றிவரும்படி கெர்னல் தொடக்க மதிப்பை வேண்டுமென்றே அமைத்திருப்பது இப்படிப்பட்ட பிழைகளைச் சீக்கிரம் வெளிக்கொண்டு வரத்தான்.

படி 6: இன்டரப்டும் கம்ப்ளீஷனும் எந்த வரிசையில் வருகின்றன?

கட்டளையை அனுப்பிவிட்டு, முடிந்ததும் வரும் இன்டரப்டுக்குக் காத்திருக்கும் கோடில் வரிசையே எல்லாம். கம்ப்ளீஷனை (வேலை முடிந்ததைக் காத்திருப்பவருக்குச் சொல்லும் கெர்னல் அமைப்பை) மறுதொடக்கம் செய்யும் வரி, கட்டளையை அனுப்பும் வரிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால், வேகமான சாதனம் உடனே பதில் கொடுத்து, ஹேண்ட்லர் கம்ப்ளீஷனை எழுப்பி, அதன்பின் நாமே அதை அழித்துவிட்டுக் காத்திருப்போம். டைம்அவுட் தவிர வேறு முடிவு இல்லை. மெதுவான சாதனத்தில் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. அதே சிப்பின் வேகமான அடுத்த பதிப்பு வந்ததும் "ஹார்டுவேர் டைமிங் பிரச்சினை" என்ற பெயரில் பேட்ச் வரும். கட்டளைக்கு முன் ஒரு டிலே சேர்த்து இதைச் "சரிசெய்திருந்தால்" கட்டாயம் நிறுத்துங்கள்.

டைம்அவுட்டோடு காத்திருக்கும் ஃபங்ஷன் நேரம் முடிந்தால் 0 தருகிறது. வெற்றி என்றால் மீதமுள்ள ஜிஃப்பீஸ். எதிர்மறை எண்ணைத் தேடும் சோதனை இருந்தால் டைம்அவுட் ஒருபோதும் பிடிபடாது.

இன்டரப்ட்டை ஒப்புக்கொள்ளும் எழுத்தும் வழியில் தங்கலாம். ஹேண்ட்லர் முடிந்து திரும்பிய பிறகே அது சாதனத்துக்குப் போய்ச் சேர்ந்தால், லெவல் வகை இன்டரப்ட் (சாதனம் லைனை விடும்வரை நீடிக்கும் வகை) இன்னொரு முறை வீணாக அடிக்கும். படி 3-இல் சொன்ன அதே திரும்பப் படித்தல்தான் இதற்கும்.

படி 7: காத்திருந்தும் வரவில்லை என்றால்?

டைம்அவுட் பாதையை எழுதியவர் ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டே படியுங்கள். பிழைக் குறியீடு மேலே போகிறதா, பிடித்த லாக் விடப்படுகிறதா, தொடங்கிய கிளாக்கும் பவரும் அணைக்கப்படுகின்றனவா என்று வழக்கமாகப் பார்ப்போம். டிஎம்ஏ (சாதனமே நேரடியாக நினைவகத்தைப் படித்து எழுதும் முறை) இருந்தால் இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. நாம் பொறுமை இழந்துவிட்டோம் என்பது சாதனத்துக்குத் தெரியாது. டைம்அவுட் ஆனதும் பஃபரை விடுவித்துவிட்டால், மூன்று மில்லிசெகண்ட் கழித்து சாதனம் அதே முகவரியில் எழுதும். அதற்குள் அந்த இடம் வேறு யாருடையதாகவோ ஆகியிருக்கும். டிரைவருக்குத் துளியும் சம்பந்தமில்லாத இடத்தில் கெர்னல் விழும். அதனால் பஃபரை விடுவதற்கு முன் சாதனத்தை நிறுத்தி, நின்றதை உறுதி செய்யும் கோட் கட்டாயம் இருக்க வேண்டும். டைம்அவுட்டைக் குறைக்கும் பேட்ச் வந்தால் இந்தப் படியை இருமடங்கு கவனத்தோடு செய்யுங்கள். அதுவரை ஓடாத பாதையை அந்தப் பேட்ச் ஓட வைக்கப் போகிறது.

படி 8: அதே வரிசை வேறு எங்கே இருக்கிறது?

பேட்ச் புரோப் பாதையை (சாதனத்தை முதலில் கண்டு தொடங்கும் பகுதியை) மட்டும் தொட்டிருக்கும். ரெஸ்யூம் (சிஸ்டம் உறக்கத்திலிருந்து மீள்வது), ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட், பிழையிலிருந்து மீளும் பாதை ஆகியவற்றிலும் அதே ரீசெட் வரிசை நகலெடுக்கப்பட்டிருக்கும். டிரைவருக்குள் அந்த ரெஜிஸ்டர் பெயரைத் தேடினாலே தெரிந்துவிடும். ஒரே டிரைவர் பல சிப்களை ஓட்டினால், புதிய காத்திருப்பு மற்ற சிப்களின் பூட் நேரத்தைக் கூட்டுகிறதா என்றும் கேளுங்கள்.

படி 9: சோதனை முடிவை எப்படி நம்புவது?

"100 முறை ரீபூட் செய்தேன், வரவில்லை" என்பது ஆயிரத்தில் ஒருமுறை வரும் கோளாறைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒன்று என்ற விகிதம் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல ஒரு தவறும் இல்லாத சுமார் 3000 ஓட்டம் வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடச் சிறந்த வழி, கோளாறை விரும்பியபோது வரவழைப்பது. ரேஸ் என்று சந்தேகித்தால் இரண்டு படிகளுக்கு நடுவே வேண்டுமென்றே நீண்ட டிலே வைத்து இடைவெளியை அகலப்படுத்துங்கள்; பேட்ச் இல்லாமல் ஒவ்வொரு முறையும் தவறி, பேட்ச்சோடு ஒருமுறையும் தவறாமல் இருந்தால் அதைவிட வலுவான சான்று வேண்டாம். சாதனம் தயாராகும் நேரம் என்றால் காத்திருப்பைப் படிப்படியாகக் குறைத்து எங்கே உடைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 9-இல் உடைந்து 10-இல் ஓடுகிறது என்றால் 10 போதாது. லாஜிக் அனலைசர் கையில் இருந்தால் ரீசெட் பின்னையும் தயார் பின்னையும் பிடித்து உண்மையான இடைவெளியை அளப்பது எல்லா வாதத்தையும் முடித்து வைக்கும்.

சாதாரண பிரிண்ட் டைமிங்கையே மாற்றிவிடும், குறிப்பாக சீரியல் கன்சோலில். நினைவகத்தில் மட்டும் பதிவிடும் டிரேஸ் பிரிண்ட் அதைவிட மிக இலேசானது. தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிக்கும் டீபக் அமைப்பையும், லாக் பிடிக்கும் வரிசைப் பிழைகளைக் காட்டும் லாக்டெப்பையும் இயக்கி ஒருமுறை, அவை இல்லாமல் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். அவை இயங்கும்போது டைமிங் மாறுவதால் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

படி 10: பதிலை எழுதுதல்

"இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். "இது தவறு" என்று தொடங்க வேண்டாம். எழுதியவரிடம் உங்களிடம் இல்லாத போர்டும் ஆவணமும் இருக்கலாம். ஒத்துக்கொள்ளும் எண்ணுக்குப் பக்கத்தில் கமென்ட் கேளுங்கள்: டேட்டாஷீட்டின் பகுதி, நிகழ்வின் பெயர், எவ்வளவு கூடுதல் இடம் விட்டிருக்கிறார் என்பது. கோளாறைக் கொண்டுவந்த பழைய மாற்றத்தைச் சுட்டும் ஃபிக்ஸஸ் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ரிவ்யூட்-பை என்று உங்கள் பெயரைப் போடுவது, மாற்றத்தை ஆராய்ந்து தொழில்நுட்ப ரீதியில் ஏற்றுக்கொண்டேன் என்ற பொறுப்பு. ஹார்டுவேரில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்றால் அதற்கு டெஸ்டட்-பை தனியாக இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுக்காதீர்கள்.

டேட்டாஷீட் கிடைக்காத சாதனங்கள் உண்டு. உற்பத்தியாளர் பதில் தராமல் போவதும் உண்டு. அப்போது காரணம் தெரியாத டிலேயையும் ஏற்கலாம் என்பதே என் நிலைப்பாடு, உடைந்த சாதனத்தோடு பயனரைத் தவிக்க விடுவதைவிட அது மேல். ஆனால் ரேஸும் தங்கிப்போன எழுத்தும் காரணமில்லை என்று படி 3-இலும் 6-இலும் சொன்ன வழியில் சோதித்துக் காட்டியிருக்க வேண்டும். கமென்டில் "இந்த மதிப்பு சோதனையில் கண்டது, இன்ன போர்டில் இன்ன ரிவிஷனில் இவ்வளவுக்குக் கீழே உடைந்தது" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிய பேட்ச்சை முதலில் முதன்மைக் கிளையில் ஒரு வெளியீடு வரை ஓடவிட்டு, பிறகு ஸ்டேபிள் (வெளியான பதிப்புகளைப் பராமரிக்கும்) கிளைகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.